ஓர்க்குக்கு எத்தனை புள்ளி கொடுப்பது?

கேள்வி: நண்பர்களுடன் சேர்ந்து, மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் மாயாஜாலக் கதைவிளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறோம். முரட்டு உருவம் கொண்ட ஓர்க் என்ற கற்பனை இனத்துக்கு வலிமையிலும், கூர்காது கொண்ட எல்ஃப் என்ற கற்பனை இனத்துக்கு அறிவிலும் கூடுதல் புள்ளிகள் கொடுத்தோம். ஆடிப் பார்த்தபோது வீரனாக விரும்பியவர்கள் அனைவரும் ஓர்க்கையும், மந்திரவாதியாக விரும்பியவர்கள் அனைவரும் எல்ஃபையுமே எடுத்தார்கள். புள்ளிகளைக் குறைத்தால் சரியாகுமா?
(கல்லூரி மாணவர், கோவை)

பதில்: ஆகாது. இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடியான, 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பல பதிப்புகளாக மல்லுக்கட்டிய சிக்கல் இது. அதன் 1978-ஆம் ஆண்டு விதிநூல், குள்ளர் இனத்துக்கு உடலுறுதியில் ஒரு புள்ளியைக் கூட்டி வசீகரத்தில் ஒன்றைக் கழித்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த ஒன்று இரண்டாயிற்று. அப்பதிப்பின்படி வலிமை, அறிவு போன்ற ஒரு பண்பில் இரண்டு புள்ளி ஏறினால் பகடையோடு கூட்டும் எண் ஒன்று ஏறும்; 20 முகப் பகடையில் அது 5 சதவீத வாய்ப்பு. ஒருமுறை உருட்டும்போது கண்ணில் படாத இந்த வேறுபாடு, ஒவ்வொரு வாள்வீச்சிலும் ஆட்டம் முடியும்வரை உடன்வருவதால், கணக்குப் பார்த்து ஆடுபவர் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்.

கழித்தலும் உதவாது. அதே பதிப்பில், ஓர்க்கும் மனிதரும் கலந்த அரை ஓர்க் இனத்துக்கு வலிமை இரண்டு கூடி, அறிவும் வசீகரமும் இரண்டிரண்டு குறைந்தன. வாள் பிடிப்பவனுக்கு அறிவு குறைந்தால் பெரிய நட்டமில்லை. ஓர்க் மந்திரவாதியை ஆட ஆசைப்பட்டவருக்கோ வாசலிலேயே அபராதம். ஓர் இனமே அறிவில் குறைந்தது என்று விதியாக எழுதிவைப்பது எனக்கு உவப்பானதும் அல்ல.

எனவே, எண்ணைக் கூட்டுவதைவிட, அந்த இனத்தவரால் மட்டுமே செய்யக்கூடியது எது என்று யோசியுங்கள். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் அரை ஓர்க் அடிபட்டு உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்கு) பூச்சியமாகும் தருணத்தில், கதைக்குள் பாத்திரம் எடுக்கும் நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை, ஒரு புள்ளியோடு நின்றுகொள்ளலாம். உயிர்ப்புள்ளி குறைவாக உள்ள மந்திரவாதிக்கு இது வீரனைவிட அதிகமாகவே பயன்படும்; ஓர்க்கின் முரட்டுப் பிடிவாதமும் ஆட்டத்தில் தெரியும். அதே பதிப்பில் 'ஹாஃப்லிங்' எனப்படும் குறுமனிதர் தாக்கும்போது பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம். இருட்டில் பார்ப்பது, நஞ்சைத் தாங்குவது போன்றவையும் எந்தத் தொழிலுக்கும் பொருந்துபவை.

2024-ஆம் ஆண்டு விதிநூல் பண்புப் புள்ளிகளை இனத்திலிருந்து பிரித்து, பாத்திரத்தின் முந்தைய வாழ்க்கைப் பின்னணியோடு சேர்த்தது. என் கருத்தில் இது பாதித் தீர்வுதான். வீரனாக விரும்புபவர் இப்போது வலிமை தரும் பின்னணியைத் தேடி ஓடுகிறார். புள்ளிகளை ஆட்டக்காரரே விரும்பியபடி பகிர்ந்துகொள்ள விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால், தனித்திறன் எதுவும் இல்லாத மனிதருக்கு என்ன கொடுப்பது?
(அதே வாசகர்)

பதில்: 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு ஆறு பண்புகளிலும் ஒவ்வொரு புள்ளி கொடுத்தது, தாராளம்தான், ஆனால் சுவையில்லை. மூன்றாம் பதிப்பு கொடுத்ததுபோல, விரும்பிய சிறப்புத்திறன் ஒன்றைக் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுங்கள். அப்போது எந்த இரண்டு மனிதரும் ஒரே மாதிரி அமையவேண்டியதில்லை.