கொலு முதல் பொங்கல் வரை: குட்டிகளோடு கைவேலை – வாசகர் கேள்வி பதில்

புரட்டாசியில் ஆரம்பித்தால் தை வரை வீட்டில் ஏதாவது ஒரு விசேஷம் வந்துகொண்டே இருக்கும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டை எப்படி அலங்கரிப்பது என்பதைப் பற்றித்தான். அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமே இல்லை. ஏழு வயதுப் பெண்ணும் நாலு வயதுப் பையனும் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு நச்சரிக்கிறார்கள். வாடகை வீடு, படி கிடையாது, பொம்மையும் கிடையாது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஈரோடு

தாராளமாக வையுங்கள். மளிகைக் கடையில் கேட்டால் ஒரே அளவு அட்டைப்பெட்டிகள் கிடைக்கும். அவற்றுக்குள் பழைய பாடப்புத்தகம், செய்தித்தாள் என்று கனமாக எதையாவது அடைத்து அடுக்கி, மேலே கரை போட்ட வேட்டியை விரித்துவிட்டால் படி தயார். படிகள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம், உங்களுக்கு மூன்று போதும். பெட்டியைக் காலியாக விட்டுவிடாதீர்கள், நாலு வயதுப் பையன் சாய்ந்தால் மொத்தமும் சரியும்.

பொம்மைக்காக அலைய வேண்டாம். மேல் படியில் வீட்டில் இருக்கும் பிள்ளையாரோ முருகனோ இருந்தால் போதும், கீழே பிள்ளைகளுடைய கார், பேருந்து, யானை, டைனோசர் எல்லாம் வரட்டும். வருடத்துக்கு ஒரு மண் பொம்மை மட்டும் புதிதாக வாங்குங்கள். மதுரை பக்கம் போனால் விளாச்சேரி, கடலூர் பக்கம் போனால் பண்ருட்டி, இரண்டும் மண் பொம்மைக்குப் பேர்போன ஊர்கள். மரப்பாச்சி ஜோடி யாராவது கொடுத்தால் விடாதீர்கள். பழைய ரவிக்கைத் துணியில் அதற்குப் புடவையும் வேட்டியும் கட்டுவதிலேயே ஏழு வயதுப் பெண்ணுக்கு ஒரு மத்தியானம் போய்விடும்.

பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பிடித்தது படி இல்லை, அதற்குப் பக்கத்தில் போடுகிற பார்க்தான். அங்கேதான் அவர்கள் கைக்கு வேலை. ஸ்வீட் டப்பா மூடி, பழைய தட்டு, எது இருந்தாலும் சரி, அதில் பஞ்சையோ தென்னை நார்த்தூளையோ பரப்பி நனைத்து, கடுகைத் தூவச் சொல்லுங்கள். நாலு வயதுக் கை கடுகைக் கொட்டத்தான் செய்யும், கொட்டட்டும், நெருக்கமாக விழுந்தால்தான் புல்தரை மாதிரி வரும். கடுகு இரண்டு மூன்று நாளில் முளை விட்டுவிடும். வெந்தயமும் நன்றாக வரும், அதை மட்டும் முதல் நாள் இரவே ஊறப்போட்டுவிடுங்கள். கேழ்வரகு கொஞ்சம் நிதானம், ஆனால் புல் என்றால் அதுதான் புல். மகாளய அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்னாடி விதைத்தால் நவராத்திரி தொடங்கும்போது பச்சை பிடித்திருக்கும். என்னைக் கேட்டால் அமாவாசையன்று விதைப்பதே மேல், கொலு நடக்கிற நாளெல்லாம் காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்க்க ஏதாவது இருக்கும்.

தண்ணீரை ஊற்றக் கூடாது, கையால் தெளிக்க வேண்டும். தேங்கி நின்றால் மூன்றாம் நாள் வாடை வரும். தட்டைப் பகலில் கொஞ்ச நேரமாவது ஜன்னலோரம் வையுங்கள். வெளிச்சமே படாவிட்டால் பயிர் வெளிறிப்போய் மஞ்சளாக நீண்டு வளரும். கோயில் முளைப்பாரியை இருட்டில் வைத்து வளர்ப்பதால்தான் அந்த வெளிர்நிறம். இதைப் பெரியவளிடம் சொல்லி, ஒரு தட்டை அலமாரிக்குள்ளும் ஒரு தட்டை ஜன்னலிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பயிர் ஜன்னல் பக்கமே சாயும், தினமும் தட்டைத் திருப்பி வைக்கும் பொறுப்பைப் பையனிடம் விட்டுவிடலாம்.

மைதாவும் உப்பும் பிசைந்து பொம்மை செய்யும் வீடியோக்களைப் பார்த்துச் செய்தோம். சில வெடித்துவிட்டன, மற்றவை பத்து நாளில் நசநசவென்று ஆகிவிட்டன. எங்கே தப்பு?
– வாசகர், சென்னை

தப்பு உங்களிடம் இல்லை, ஊரில் இருக்கிறது. இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, கொஞ்சங்கொஞ்சமாக முக்கால் முதல் ஒரு கப் தண்ணீர் என்ற கணக்கு சரியானதுதான். ஆனால் உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் கடற்கரை ஊரில் அது காயவே காயாது, காய்ந்தாலும் திரும்ப இளகும். வெடித்தவை தடியாகச் செய்தவையாக இருக்கும், வெளிப்பக்கம் முதலில் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். கால் அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம். ஓவன் இருந்தால் நூறு டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, ஆறிய பிறகு பெயின்ட் அடித்து, மேலே வார்னிஷ் ஒரு கை பூசினால் ஓரளவு தாங்கும். வார்னிஷ் வேலை பெரியவர்களுடையது.

நான் சொல்வது என்னவென்றால், மழைக்காலத்து அலங்காரத்துக்கான பொம்மையைக் கோடை விடுமுறையிலேயே செய்து வைத்துவிடுங்கள். வெயிலுக்குத்தான் பஞ்சமே இல்லையே. அப்போது மைதாகூட வேண்டாம், பாட்டிமார் கூடை செய்த காகிதக் கூழே போதும். செய்தித்தாளைக் கிழித்து (கிழிப்பது முழுக்கப் பிள்ளைகள் வேலை, வேறு யாரும் தொடக் கூடாது) இரண்டு நாள் ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, ஊறவைத்து அரைத்த வெந்தயத்தைச் சேர்த்துப் பிசைந்தால் களி மாதிரி பிடிபடும். கிண்ணத்தையோ சொம்பையோ கவிழ்த்து, அதன் மேல் எண்ணெய் தடவிய தாளைச் சுற்றி, மேலே கூழை அப்பிக் காயவிட்டுக் கழற்றலாம். நல்ல வெயிலில் மூன்று நாலு நாளில் கட்டையாகிவிடும். இதையே மழையில் செய்தால் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

பள்ளியில் தெர்மாகோல் வாங்கி வரச் சொல்கிறார்கள். அது தடை செய்யப்பட்டதா, இல்லையா?
– வாசகி, திருச்சி

அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. ஆசிரியரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பதிலுக்கு அட்டைப்பெட்டி இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது பாக்குமட்டைத் தட்டு. பெயின்ட் நன்றாகப் பிடிக்கும், ஓரத்தில் துணி காயவைக்கும் கிளிப்பை வரிசையாக மாட்டினால் பொங்கல் சூரியன், இரண்டு ஓட்டை போட்டால் புலி முகமூடி. ஓட்டையை நீங்கள் போட்டுக் கொடுங்கள், மட்டை வழுக்கிக் கத்தி கையில் இறங்கும்.

தாள் வேலைக்கு வாங்கும் பசை இரண்டே நாளில் தீர்ந்துவிடுகிறது. வீட்டில் காய்ச்ச முடியுமா?
– வாசகி, கரூர்

நாலு ஸ்பூன் மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஆகும்படி சேர்த்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் கண்ணாடி போலத் திரண்டு வரும், இறக்கிவிடலாம். ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு, பிள்ளைகள் கையில் போகிற பசையில் அது கூடவே கூடாது, விஷம். பட்டத்தாள் மாதிரி மெல்லிய தாளுக்கு மைதாவைவிட ஜவ்வரிசிக் கஞ்சி நல்லது, காய்ந்தபின் கறை தெரியாது. அவசரத்துக்கு நாலு பருக்கை சோறும் போதும்.

ஒன்றரை வயதுக் குழந்தையும் வீட்டில் இருக்கிறது. எதை ஒளித்து வைக்க வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி

முதலில் குண்டுமணி. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் அந்தச் சிவப்பு கறுப்பு விதை பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு கடுமையான விஷம். மேல்தோடு கெட்டி, அதனால் முழுசாக விழுங்கினால் தப்பிக்க வாய்ப்புண்டு என்றாலும், கடித்தோ உடைத்தோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. மாலையாகக் கோக்க ஓட்டை போட்ட குண்டுமணி இன்னும் மோசம். வாங்கி வந்த பிள்ளையாரிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டு கறுப்பு பெயின்டில் கண் வரைந்துவிடுங்கள்.

இரண்டாவது, மின்னும் எல்.இ.டி. அகல் விளக்குகளுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துபோகும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்பது, மறுநாள் வரை காத்திருப்பது எல்லாம் வேண்டாம். திருகாணி போட்டு மூடிய விளக்கை மட்டும் வாங்குங்கள். மணி, ஜமிக்கி, மிளகு, பட்டாணி எல்லாம் மூக்கில் போகும் சாமான்கள், அவை பெரியவன் கைவேலை செய்யும் மேஜையோடு நிற்கட்டும். சின்னதுக்கு ஒரு துண்டு சப்பாத்தி மாவு கொடுத்து உட்கார வையுங்கள், அதற்கு அதுவே கொண்டாட்டம்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை வீட்டிலேயே கட்ட ஆசை. பையனுக்கு ஆறு வயது. முடியுமா?
– வாசகி, தூத்துக்குடி

முடியும். ஒன்றரை அடி நீளத்தில் மெல்லிய மூங்கில் குச்சி பத்து வேண்டும். ஐந்தைத் தரையில் வைத்து, பேனாவை எடுக்காமல் நட்சத்திரம் போடுவோமே, அதே வரிசையில் மேலும் கீழுமாகப் பின்னி, ஐந்து முனைகளையும் நூலால் கட்டுங்கள். மீதி ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் குச்சிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடத்திலும் நாலு அங்குலக் குச்சியை இடையில் நிறுத்தினால் வயிறு புடைத்துக்கொண்டு நட்சத்திரம் எழும்பும். இதுவரை உங்கள் வேலை. பட்டத்தாளைக் கிழித்து ஒட்டுவது பையனுடையது. அவன் ஒட்டுவது சுருங்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அவன் தூங்கியபிறகு பிரித்து ஒழுங்காக ஒட்டலாம் என்று உங்களுக்குத் தோன்றும். செய்யாதீர்கள், காலையில் கண்டுபிடித்துவிடுவான். உள்ளே விளக்கு போட்டால் அந்த ஏறிய இடமெல்லாம் அடர்நிறமாகத் தெரிந்து நன்றாகத்தான் இருக்கும்.

பின்பக்கம் ஒரு முக்கோணத்தைத் தாள் ஒட்டாமல் விடுங்கள், பல்பு உள்ளே போக வேண்டுமே. எல்.இ.டி. மட்டும்தான், பழைய குண்டு பல்பு சூட்டில் தாள் பற்றிக்கொள்ளும். உங்கள் ஊரில் டிசம்பரிலும் மழை அடிக்கும், வாசலில் கூரைக்கு உள்பக்கமாகக் கட்டுங்கள். குடிலுக்கு வைக்கோல் வேண்டுமென்றால் மாடு வைத்திருக்கிறவர்களிடம் ஒரு பிடி கேளுங்கள். குழந்தை இயேசுவை 24ஆம் தேதி இரவுதான் உள்ளே வைப்பது என்றால், அதுவரை அந்தச் சின்னத் தொட்டிலைப் பஞ்சால் நிரப்பும் வேலையைப் பையனிடமே கொடுக்கலாம்.

இதெல்லாம் கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது. எதற்கு இந்த வேண்டாத வேலை?
– வாசகர், வேலூர்

வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புகிற அம்மாவோ அப்பாவோ கேட்டால் நானும் அதையே சொல்வேன், கடையிலேயே வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மழையில் பிள்ளைகள் போனைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீடாக இருந்தால் மேலே சொன்னதில் ஏதாவது ஒன்றைச் செய்துபாருங்கள், எல்லாவற்றையும் வேண்டாம்.

மார்கழிக் கோலத்தில் ஐந்து வயது மகளும் சேர்ந்துகொள்ள ஆசைப்படுகிறாள். மாவை இழுக்க வரவில்லை. கலர்ப்பொடி தும்மல் வரவழைக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

இழை இழுக்க அந்த விரல்களுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். வாசல் தெளித்த ஈரம் காயும் முன் சாக்பீஸ் கொடுங்கள், ஈரத்தரையில் பளிச்சென்று பதியும், காய்ந்தாலும் சீக்கிரம் போகாது. ஐந்து புள்ளிக் கோலத்தில் புள்ளி வைப்பது நீங்கள், சுற்றி வளைப்பது அவள். கோணினால் பூசணிப்பூவை அந்த இடத்தில் வைத்துவிட்டால் போயிற்று.

கலருக்கு, தூள் உப்பை ஒரு தட்டில் கொட்டி, அதன் மேல் கலர் சாக்பீஸைப் படுக்கவைத்து உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். உப்பு மெல்ல நிறம் ஏறும், பொடி போலப் பறக்காது. ஆனால் கழுவி விடாமல் கூட்டி அள்ளுங்கள், செடித்தொட்டியில் போனால் செடி கருகும், இரும்பு கேட்டில் பட்டால் துருப்பிடிக்கும்.

தாளில் வரைய வீட்டு நிறங்களே இருக்கின்றன. மஞ்சள் கரைசலை ஒரு தாள் முழுக்கப் பூசிக் காயவிட்டு, ஆப்ப சோடாவைக் கரைத்துப் பிரஷ்ஷால் தொட்டு வரையச் சொல்லுங்கள், கோடு சிவப்பாக வரும். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது இதே கதைதான், சுண்ணாம்பு மட்டும் பிள்ளைகளிடம் வேண்டாம், கண்ணில் பட்டால் பெரிய வினை. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. பீட்ரூட்டை நம்பாதீர்கள், அன்றைக்கு ரோஜா நிறம், ஒரு வாரத்தில் மண் நிறம். பொங்கலுக்கு உறவுக்காரர்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவதாக இருந்தால் மஞ்சள் சோடா முறையே நல்லது. வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லி அனுப்புங்கள், மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும்.