மொரீஷியஸில் ராணுவமே இல்லையே, அங்கே நாட்டைக் காப்பது யார்? குடிமக்களுக்கு அதில் என்ன வேலை?

உண்மைதான், 1968இல் விடுதலை பெற்றது முதல் எங்களுக்கு நிரந்தர ராணுவம் கிடையாது. துப்பாக்கி ஏந்தும் வேலையைக் காவல்துறையின் சிறப்பு நடமாடும் படையும் கடலோரக் காவல் படையும் பார்த்துக்கொள்கின்றன. கட்டாய ராணுவ சேவையும் இல்லை.

ஆனால் எங்கள் ஊருக்கு ஆபத்து சிப்பாய் வேடத்தில் வருவதில்லை. 2020 ஜூலை 25 அன்று 'வகாஷியோ' என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குப் பவளப்பாறையில் மோதி நின்றது. ஆகஸ்ட் 6இல் எண்ணெய் கசியத் தொடங்கி, சுமார் ஆயிரம் டன் கடலில் கலந்தது. மாய்பூர் கரையில் மக்கள் தாங்களாகவே கூடினார்கள். காய்ந்த கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்து, மிதக்க வெற்று பிளாஸ்டிக் போத்தல்களைக் கட்டி, நீளநீளமாகத் தைத்துக் கடலில் தடுப்பு போட்டார்கள். சோகை எண்ணெயை உறிஞ்சும். தலைமுடியும் உறிஞ்சும் என்பதால் பலர் முடி வெட்டிக் கொடுத்தார்கள். (முடி காணிக்கை முருகனுக்கு மட்டும்தான் என்று இருந்தவர்கள் நாங்கள்!) அதிகாரிகள் விலகியிருக்கச் சொன்ன பிறகும் பலர் கரையை விட்டு விலகவில்லை. எண்ணெயின் நச்சு தெரிந்தால் அந்த எச்சரிக்கையைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் முதல் சில நாட்களில் கடலுக்கு அரணாக நின்றது அந்தச் சோகை மூட்டைகள்தான். நாட்டுக் காவல் என்று நான் சொல்வது இதைத்தான்.