மீதி 10 சதவீதம்

கேள்வி: மழைநீர் வடிகால் பணி 90 சதவீதம் முடிந்துவிட்டது என்று ஐப்பசி பிறக்கும்போதெல்லாம் சொல்கிறார்கள். அந்த மீதி 10 சதவீதம் மட்டும் வருடா வருடம் எங்கள் தெருவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறதே, இது என்ன அநியாயம்?
- ஒரு வாசகர், மாதவரம், சென்னை

பதில்: அம்பத்தூர்க்காரரைக் கேட்டுப் பாருங்கள், அது தன் தெருவில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்வார். திருவொற்றியூர்க்காரரும் விட்டுக்கொடுக்க மாட்டார். மூவர் சொல்வதும் உண்மைதான்.

90 சதவீதம் என்கிறார்களே, எதில் 90 என்று யாராவது கேட்டோமா? பெரும்பாலும் அது கட்டி முடித்த நீளத்தின் கணக்கு. 1,000 மீட்டர் வடிகாலில் 950 மீட்டர் கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 50 மீட்டரில் குறுக்கே மின்வாரியத்தின் கேபிள் போகிறது, அல்லது குடிநீர் வாரியத்தின் பழைய கழிவுநீர்க் குழாய் கிடக்கிறது. அதை நகர்த்த அந்தத் துறைக்குக் கடிதம் போகிறது, பதில் வருகிறது, மறுபடி கடிதம் போகிறது. கோப்பில் அந்த வேலை 95 சதவீதம். மழைக்கு அது பூஜ்யம். உண்மையில் பூஜ்யத்தைவிட மோசம். முன்பு நாலு தெருவில் கணுக்கால் அளவுக்குப் பரவி நின்ற தண்ணீரையெல்லாம் புது வடிகால் சேர்த்துக்கொண்டு வந்து, தான் பாதியில் நின்றுபோன இடத்தில் கொட்டிவிடுகிறது. அந்த இடத்தில் வீடு கட்டியவர்தான் நீங்கள் சொல்லும் 10 சதவீதம்.

வேலை முழுவதும் முடிந்த தெருவிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள். நடைபாதை ஓரக் கல்லில் சாலைத் தண்ணீர் உள்ளே இறங்குவதற்குச் சிறு துவாரங்கள் விட்டிருப்பார்கள். வடிகாலின் உயிரே அங்கேதான். புதிதாகச் சாலை போட வருகிறவர்கள் பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே தாரை ஊற்றுவார்கள்; துவாரம் பாதி மூடிக்கொள்ளும். மீதிப் பாதியை மண்ணும் பால் பாக்கெட் உறையும் பார்த்துக்கொள்ளும். கீழே ஆளுயர வடிகால் காலியாகக் கிடக்க, மேலே முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போவீர்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே எழுத்தில் உத்தரவிட்டார். உங்கள் வீட்டு வாசற்படி இன்னும் எத்தனை அங்குலம் சாலைக்கு மேலே இருக்கிறது என்பதைப் பார்த்தால், அந்த உத்தரவு மாதவரம் வரை வந்து சேர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

மாநகராட்சி எதுவுமே செய்யவில்லை என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2021 நவம்பரில் மூழ்கிக் கிடந்த சீத்தம்மாள் காலனி, வடிகால் வேலை நடந்த பிறகு அடுத்த ஆண்டு மழையில் பெருமளவு தப்பியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சில இடங்களில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கடலும் ஆறுகளும் தண்ணீரை வாங்க மறுத்த அந்த வேளையில் எந்த வடிகாலாலும் ஊரைக் காப்பாற்றியிருக்க முடியாது. அதற்கு முன்பு, 'இனி ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது' என்கிற தோரணையில் பேசியவர்களைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

உங்கள் பகுதிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சியை 426 ஆக்கினார்கள். மாதவரம், அம்பத்தூர், மணலி, திருவொற்றியூர் எல்லாம் அப்போது வந்தவை. சொத்து வரி ரசீதில் சென்னை உடனே வந்துவிட்டது, வடிகால் வரவில்லை. உங்கள் பக்கத்துக்கு மழைநீர் வடிகால் கட்டும் கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டம், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் தொடங்கவே பத்தாண்டு பிடித்தது. நடுவில் 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றமே இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர் சொன்னதே கணக்கு. எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது.

இப்போது 200 பேர் இருக்கிறார்கள். வார்டில் மக்கள் நேரில் குறை சொல்லும் ஏரியா சபைக் கூட்டமும் நடக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் பொன்னாடை போர்த்த வருகிறவர்கள் என்பது வேறு விஷயம்; நீங்கள் போங்கள். எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதற்கு அவர்களிடம் பதில் தயாராக இருக்கும். எங்கள் தெரு வடிகால் எந்தக் கால்வாயில் போய் விழுகிறது, தணிகாசலம் நகர் கால்வாயிலா, கேப்டன் காட்டன் கால்வாயிலா, அதுவரை இடைவெளி இல்லாமல் இணைத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். உதவிப் பொறியாளர் வரைபடத்தை விரித்துக் கையை வைத்துக் காட்டட்டும். 'பார்த்துச் சொல்கிறேன்' என்றால் தேதி கேட்டு, கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதே கேள்வியை அனுப்புங்கள். 30 நாளில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஆடியிலேயே அனுப்பிவிடுங்கள், ஐப்பசிக்கு முன் பதில் கையில் இருக்கும்.