நல்ல சேவை செய்த ஊழியரைப் பாராட்டி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினால் பயன் உண்டா? எழுதுவதென்றால் எப்படி?

பயன் உண்டு. ஆனால் பெரும்பாலான பாராட்டுக் கடிதங்கள் யாருக்கும் பயன்படாமல்தான் போகின்றன. நான் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் சில ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவன். வருகிற பாராட்டுகளைப் படிப்பதும் என் வேலையில் சேர்த்தி என்பதால், அவற்றுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்.

புகார் வந்தால் அதற்கு உடனே ஒரு எண் விழும். இத்தனை மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும் என்று கெடு உண்டு. தவறினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். பாராட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. "உங்கள் ஊழியர் மிக அருமையாகப் பேசினார், நன்றி" என்று மின்னஞ்சல் வரும். எந்த ஊழியர், எந்த நாள், எதற்காகப் பேசினீர்கள்? ஒன்றும் இருக்காது. ஒரு நாளில் வந்த அழைப்புகளையெல்லாம் கிளறித் தேட யாருக்கு நேரம்? படித்துவிட்டு, நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டு மூடிவிடுவோம்.

ஒரே ஒரு கடிதத்தை மட்டும் இன்னும் மறக்கவில்லை. ஒரு அம்மா எழுதியது, அரைப் பக்கம்கூட இருக்காது. தேதி, அழைத்த நேரம், அழைப்பின் குறிப்பு எண், பேசிய பெண்ணின் பெயர் எல்லாம் முதல் இரண்டு வரியிலேயே வந்துவிட்டன. காலமான கணவரின் பெயரில் இருந்த கணக்கைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்ததாம். "அந்தப் பெண் முதலில் என் கையில் எந்தெந்தச் சான்றுகள் இருக்கின்றன என்று கேட்டார். இல்லாதவற்றை மட்டும் வரிசையாகச் சொல்லி, நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். மறுநாள் அவரே அழைத்து, அனுப்பியது வந்து சேர்ந்தது என்றார்." அவ்வளவுதான். அதற்கு முன்பு வேறு சிலர் அந்த அம்மாவை அலைக்கழித்திருந்தார்கள். அதையும் எழுதியிருந்தார், ஆனால் தனிக் கடிதத்தில். இரண்டையும் ஒன்றாகப் போட்டிருந்தால் முழுக் கடிதமும் புகார்ப் பிரிவுக்குப் போய், அந்தப் பெண்ணின் பெயர் புகார்க் கோப்புக்குள் கிடந்திருக்கும்.

ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்காக நான் பேசியபோது, வழக்கம்போல "ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். கடிதத்தை எடுத்து வைத்தேன். "பொறுமையானவர், அக்கறையானவர்" என்று நான் சொல்வதற்கும், "எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார்" என்று வெளியாள் ஒருவர் எழுதியிருப்பதற்கும் எடை ஒன்றல்ல. அந்த அழைப்பின் பதிவை அப்புறம் புதியவர்களுக்கான பயிற்சியிலும் போட்டுக் காட்டினோம். குறிப்பு எண் இருந்ததால்தான் அதைத் தேடி எடுக்க முடிந்தது.

ஆகவே எழுதும்போது, என்ன உணர்ந்தீர்கள் என்பதைவிட அவர் என்ன செய்தார் என்பதற்கு அதிக இடம் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் இடம், நேரம், கவுன்ட்டர் எண், மருத்துவமனை என்றால் வார்டும் ஷிஃப்டும் போதும். அழகான நடையெல்லாம் வேண்டாம்.

யாருக்கு அனுப்புவது? ஊழியரின் நேரடி மேலாளருக்கு. முடிந்தால் மனிதவளத் துறைக்கு ஒரு நகல். நிறுவனத் தலைவருக்கே எழுதச் சொல்பவர்களும் உண்டு. பலனும் கிடைக்கலாம், ஆனால் அங்கிருந்து கீழே இறங்கி வருவதற்குள் பல இடங்களில் தேங்கும். காவலர், துப்புரவுப் பணியாளர், டெலிவரி செய்பவர் போன்றவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். நீங்கள் பார்க்கும் பெயர்ப் பலகை ஒன்று, சம்பளம் போடுவது வேறொன்று. அவர்களுக்கு இரண்டு இடத்துக்கும் எழுதினால்தான் உருப்படியாக ஏதாவது நடக்கும்.

ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். உங்களுக்காக அந்த ஊழியர் விதியைக் கொஞ்சம் வளைத்திருக்கலாம். அபராதத்தைத் தள்ளுபடி செய்திருப்பார், நேரம் முடிந்த பிறகு உள்ளே விட்டிருப்பார். நன்றி மிகுதியில் அதை விவரமாக எழுதி மேலாளருக்கு அனுப்பினால், பாராட்டுக் கடிதமே அவருக்கு விளக்கம் கேட்கும் கடிதமாகிவிடும். அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி உதவிக்கு நேரில் நன்றி சொல்லுங்கள். கடிதத்தில் அவர் காட்டிய நிதானத்தையும் தெளிவாக விளக்கியதையும் மட்டும் எழுதுங்கள். இன்னொன்று, பெண் ஊழியர்களைப் பற்றி எழுதும்போது சிரிப்பு, குரல், தோற்றம் எதுவும் வேண்டாம். அந்தக் கடிதம் அலுவலகத்தில் பலர் கண்ணில் படும், சங்கடம் அவருக்குத்தான். அனுமதி கேட்காமல் அவர் படத்தை எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டுப் பாராட்டுவதும் அப்படித்தான்.

கடிதம் எழுத நேரமில்லை, மதிப்பெண் மட்டும் போடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு தகவல். "எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று 0 முதல் 10 வரை கேட்கும் முறை 2003இல் ஃபிரெட் ரைகெல்ட் என்ற நிர்வாக ஆலோசகர் அறிமுகப்படுத்தியது. அதன் கணக்கில் 9, 10 போட்டால்தான் ஆதரவு. 7, 8 எந்தப் பக்கமும் சேராது. 6 போட்டாலே எதிர்ப்பு. "நல்லாத்தான் பண்ணினார், 8 போடலாம்" என்று நீங்கள் தாராளமாக நினைத்துப் போடுவது அங்கே ஆதரவாகக் கணக்கில் ஏறாது. கேட்பது நிறுவனத்தைப் பற்றி என்றாலும், சில இடங்களில் அந்த எண்ணை வைத்துத்தான் ஊழியரையும் அளக்கிறார்கள்.

"இதற்கெல்லாம் கடிதம் எழுதினால் ஒருமாதிரி நினைக்க மாட்டார்களா?" என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று மிகையாக நினைத்தார்கள். அவருக்குக் கிடைக்கும் வியப்பையும் மகிழ்ச்சியையும் குறைத்து மதிப்பிட்டார்கள். சரியான சொற்கள் வந்து விழவில்லையே என்று இவர்கள் கவலைப்பட, பெற்றவர்களோ அதில் இருந்த அன்பைத்தான் பார்த்தார்கள்.

அனுப்பிய பிறகு சில நாள் பொறுத்து, "நான் எழுதியது அவர் பார்வைக்குப் போனதா?" என்று மேலாளருக்கு ஒரு வரி அனுப்புங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. கேட்டுவிட்டார்களே என்பதற்காகவாவது மேலாளர் எழுந்து போய் அந்த ஊழியரிடம் கடிதத்தைக் காட்டுவார். நானும் அப்படித்தான் எழுந்து போயிருக்கிறேன்.