ஈகிள் ஸ்கவுட்: பேரனுக்கு நேரம் இருக்கிறதா?

கேள்வி: அமெரிக்காவில் வளரும் என் பேரனுக்கு 16 வயது. அங்குள்ள சாரணர்களின் மிக உயர்ந்த நிலையான ஈகிள் ஸ்கவுட் ஆக வேண்டும் என்கிறான். சாரணர் இயக்கத்தில் குடிமைப் பண்பை எப்படிக் கற்றுத் தருகிறார்கள்?
- வாசகர், மதுரை

பதில்: செய்ய வைத்துத்தான். ஈகிளுக்கு 21 தகுதிப் பதக்கங்கள் வேண்டும். அவற்றில் உள்ளூர்க் குடிமைக்கான பதக்கத்துக்கு, நகர மன்றம் அல்லது பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போய், கருத்து வேறுபாடு உள்ள ஒரு பிரச்சினையில் தன் பக்கம் எது, ஏன் என்று பதக்க ஆலோசகரிடம் விளக்க வேண்டும். இரு தரப்பையும் கேட்டுவிட்டு முடிவெடுக்கும் இந்தப் பழக்கம் விலைமதிப்பற்றது. ஒரு தொண்டு நிறுவனத்தில் குறைந்தது 8 மணி நேர உழைப்பும் உண்டு.

பலர் சறுக்குவது ஈகிளுக்காகச் செய்ய வேண்டிய சேவைத் திட்டத்தில். பயன்பெறும் அமைப்பு, குழுத் தலைவர், குழுக் கமிட்டி, வட்டார கவுன்சில் ஆகிய நான்கு ஒப்புதலும் வருமுன் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அது செல்லாது. சாரணர் இயக்கத்துக்கே பயன்படும் வேலையும் கூடாது. பையன் தானே திட்டமிட்டு மற்றவர்களை வழிநடத்த வேண்டும். அப்பா செய்து கொடுத்தால் நோக்கமே கெட்டுவிடும்.

ஈகிளுக்கு முந்தைய படியான லைஃப் நிலையை எட்டிய பின் 6 மாதமாவது துடிப்பாக இயங்க வேண்டும். எல்லாம் 18 வயதுக்குள் முடிய வேண்டும் என்பதால், அவன் லைஃப் நிலைக்கு வந்துவிட்டானா என்று இன்றே கேளுங்கள்.