பசிக்கவே இல்லை என்றால் உடம்பு பழகிவிட்டதா?

கேள்வி: காலையில் ஒரு டீயோடு கிளம்பினால் அடுத்து மாலை நான்கு மணிக்குத்தான் சாப்பாடு. ஆரம்பத்தில் நன்றாகப் பசித்தது, இப்போது பசிப்பதே இல்லை. ஆனால் மூன்று மணி வாக்கில் கை லேசாக நடுங்குகிறது, தலை வலிக்கிறது, யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறேன். உடம்பு பழகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். அடங்கியது பசிதான், உடம்பின் தேவை அப்படியே இருக்கிறது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து பசியைக் கிளப்பும். அந்த நேரத்தில் நாள்கணக்காக ஒன்றும் உள்ளே போகவில்லை என்றால் அந்த அழைப்பும் மெல்ல அடங்கிவிடும். செலவு மட்டும் நிற்காது. மூளை ஒன்றே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது, கல்லீரலில் இருக்கும் சேமிப்போ ஏறக்குறைய 100 கிராம்தான். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டு மறுநாள் நான்குக்குச் சாப்பிட்டால் இடையில் 19 மணி நேரம். அதற்குள் அந்தச் சேமிப்பில் பெரும்பகுதி கரைந்துபோய், கல்லீரல் வேறு பொருளிலிருந்து சர்க்கரை தயாரிக்க வேண்டிவரும், அதில் ஒரு பங்கு உங்கள் தசைப் புரதத்திலிருந்து போகிறது.

மூன்று மணிக்கு நடுங்கும் கைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சர்க்கரை இறங்கிவிடாமல் பிடித்து நிறுத்த உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பயந்தால் வருகிற அதே படபடப்பு, அதே வியர்வை, அதே கோபம். வெறும் வயிற்றில் குடிக்கிற டீ அதைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். அப்புறம் நான்கு மணிக்கு உட்கார்ந்ததும் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள், பத்தே நிமிடத்தில் இரண்டு வேளைச் சாப்பாடு உள்ளே போயிருக்கும், சர்க்கரை சட்டென்று ஏறும், அரை மணியில் கண் சொக்கும்.

இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. கொழுப்புள்ள உணவு உள்ளே போனால்தான் பித்தப்பை நன்றாகச் சுருங்கித் தன்னிடம் உள்ள பித்தநீரை வெளியேற்றும். நீண்ட நேரம் ஒன்றும் வராவிட்டால் பித்தநீர் தேங்கிக் கெட்டியாகும், வருடக்கணக்கில் இப்படியே போனால் பித்தக்கல் வர வாய்ப்பு கூடுகிறது.

உங்கள் வேலை நேரத்தை மாற்றச் சொல்லி நான் எழுதப்போவதில்லை, அது உங்கள் கையில் இல்லை. ஆனால் ஒரு வேகவைத்த முட்டையோ, ஒரு பழமோ, கைப்பிடி வேர்க்கடலையோ பதினோரு மணிக்குச் சாப்பிட இரண்டு நிமிடம் போதும். பையின் அடியில் வைக்காதீர்கள், மேஜையில் கண்ணுக்கு எதிரே வையுங்கள். நேரத்துக்குச் சாப்பிட்ட பிறகும் நடுக்கம் இருந்தால் தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். பசி இல்லாத நாளில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார், 'சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஏறாது, நல்லதுதானே' என்பார். போன வாரம் விடியற்காலையில் சட்டை முழுக்க நனைந்து, நாக்குக் குழறி, என்னையே யார் என்று கேட்டார். சர்க்கரை 52 இருந்தது.

பதில்: இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசிக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். அதனால் முதலில் அப்பாவின் மாத்திரை எது என்று பாருங்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும், 54-க்குக் கீழே என்றால் தீவிரம். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், நேராக மருத்துவமனைதான். தெளிந்துவிட்டார் என்று அத்தோடு விடவும் கூடாது. இந்த வகை மாத்திரை மணிக்கணக்கில் வேலை செய்யும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் அதிக நேரம், சர்க்கரை மறுபடியும் இறங்கலாம்.

போன வாரம் நடந்ததை மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் 'சாப்பிட முடியாத நாளில் இதை என்ன செய்வது' என்று நேராகக் கேட்டு, பதிலை மாத்திரை டப்பா மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் வருமா?

பதில்: நேரடியாக அதனால் மட்டும் வருவதில்லை. பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும்தான். அந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்த பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சாப்பிடாததால் தலைவலி, தலைவலிக்கு வெறும் வயிற்றில் வலி மாத்திரை என்று தினம் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு இரைப்பை புண்ணாக எல்லா வாய்ப்பும் இருக்கிறது. வயிற்று எரிச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள், மலம் கறுப்பாகப் போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.