களிமண் வயலில் எத்தனால் மரமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எனக்கு 9 மா நஞ்சை இருக்கிறது, அதாவது 3 ஏக்கர். கடைமடை. சம்பா நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. எத்தனால் ஆலைக்கு மரம் தேவை, ஏக்கருக்கு 4,000 சவுண்டல் (சுபாபுல்) கன்று நடுங்கள், மூன்றாம் வருஷம் நாங்களே வெட்டிக்கொள்கிறோம் என்று ஓர் ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். எவ்வளவு இடைவெளி விடலாம், என்ன உரம் போடலாம்?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். உரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மரத்திலிருந்து எத்தனால் எடுக்கலாம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கரும்புச்சாறு மாதிரி நேராக ஈஸ்ட் விட்டுப் புளிக்கவைக்க முடியாது. மரத்தில் சர்க்கரையாக மாறக்கூடிய நார்ப்பொருளான செல்லுலோஸை, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் இறுக்கிப் பிடித்திருக்கும். அதை நீராவி, அமிலம் கொண்டு தளர்த்தி, நொதி விட்டுச் சர்க்கரையாக்கிய பிறகுதான் ஈஸ்டுக்கு வேலை. பெரிய முதலீடு இல்லாமல் இது நடக்காது. பானிபட்டில் 2022-ல் திறந்த ஆலை வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம். அசாம் நுமாலிகரில் மூங்கில். இரண்டுமே அந்தந்தப் பக்கத்தில் ஏற்கெனவே மலிந்து கிடக்கும் பொருள். நம் டெல்டாவுக்கு அப்படி ஓர் ஆலை வந்தாலும் முதலில் தேடப்போவது உங்கள் வயலில் அறுவடைக்குப் பின் கிடக்கும் வைக்கோலைத்தான்.

ஆகவே ஏஜென்டிடம் கேளுங்கள்: எந்த ஆலை, எந்த ஊர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது ஆலையா, இவரா? பச்சை எடையா, காய்ந்த எடையா? பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். லாரி வாடகை அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான். கன்றுக்குப் பணம் இன்றைக்கே, மரத்துக்குப் பணம் மூன்று வருஷம் கழித்து என்றால் அவர் செய்வது கன்று வியாபாரம். ஏக்கருக்கு 4,000 என்று நெருக்கச் சொல்வதும் அதனால்தான். 5 அடிக்கு 5 அடி நட்டால் சுமார் 1,740 கன்றே பிடிக்கும்.

இடைவெளியைவிட எனக்கு முக்கியம் வடிகால். யாரும் கேட்பதில்லை, நான் சொல்லாமல் விடுவதுமில்லை. சவுண்டலுக்கு வேரில் தண்ணீர் கட்டினால் ஆகாது, மலைவேம்பும் அப்படித்தான். உங்கள் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். நெல் தாங்கும், இவை தாங்காது. மூன்று வருஷ மரம் மூன்று வடகிழக்குப் பருவமழையையும் புயலையும் கடக்க வேண்டும். 2018 கஜாவில் நம் பக்கம் சாய்ந்த மரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நட்டே தீருவேன் என்றால், அடைமழை விட்டதும் வயலில் 2 அடி குழி வெட்டுங்கள். இரண்டு நாளில் தண்ணீர் இறங்காவிட்டால் சவுண்டலை விட்டுவிடுங்கள். அப்புறம், அது தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் மரம்; யூரியா விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

தண்ணீர் நிற்காத மேட்டு நிலமான திடல் இருந்தால் அங்கே சவுக்கு வையுங்கள். கம்பாகவும் விற்கலாம், காகித ஆலைக்கும் போகும். நஞ்சையில் வேண்டாம், வெட்டிய பிறகு கட்டை பிடுங்கி வயலைத் திரும்ப நெல்லுக்குக் கொண்டுவரும் செலவை எந்த ஏஜென்டும் கணக்கில் காட்டுவதில்லை.

உங்கள் பிரச்சினை ஆள் பஞ்சம். அதற்கு, நாற்று நடாமல் வயலிலேயே நெல்லை விதைக்கும் நேரடி விதைப்பு இருக்கிறது. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு ஈரத்திலேயே உளுந்து தெளியுங்கள். வைக்கோலைக் கட்டு கட்டும் இயந்திரம் வைத்திருப்பவரிடம் விலை பேசிவிடுங்கள், வயலில் நனையவிடாதீர்கள்.